முன் படமும் பின் படமும்: எங்கள் வீட்டுத் திரையில் கறுப்பு மனிதர்

தொலைக்காட்சியிலும் விளம்பரத்திலும் கறுப்பு மனிதர் எப்படிக் காட்டப்படுகிறார்கள் என்று பேச்செடுத்தால், “அது அமெரிக்காக்காரன்ட பிரச்சினை, எங்களுக்கென்ன?” என்ற பதில்தான் முதலில் வரும். அந்தப் பதிலில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. கண்டி நகரிலோ, அக்குறணை, மடவளை, கம்பளைப் பக்கமோ ஆபிரிக்கர் ஒருவரைத் தெருவில் காண்பது அபூர்வம். எப்போதாவது வரும் சுற்றுலாப் பயணி ஒருவரை விட்டால் எங்கட பிள்ளைகள் அவர்களை நேரில் பார்த்ததே இல்லை.

ஆனால் காணாத மனிதரைப் பற்றி எங்களிடம் ஒரு படம் இல்லாமல் இல்லை. ஒன்பதாம் தர மாணவர்களிடம் ஆபிரிக்கர் ஒருவரை வர்ணித்து ஐந்து வசனம் எழுதச் சொல்லிப் பாருங்கள். காடு வரும், பசி வரும், போதைப்பொருள் வரும், “பார்த்தால் பயம் வரும்” என்பதும் வரும். ஆசிரியர், வைத்தியர், வியாபாரி, ஒரு பிள்ளையின் தகப்பன் என்று ஒருவரும் வரமாட்டார்கள். இதை உம்மாவோ வாப்பாவோ இருந்து சொல்லிக் கொடுத்ததில்லை. திரை கற்பித்த பாடம் இது. திரை நடத்தும் வகுப்புக்குப் பாடத்திட்டமும் இல்லை, பரீட்சையும் இல்லை. ஆகவே அந்த விடைத்தாளை யாரும் திருத்துவதுமில்லை.

இக்கட்டுரை சொல்ல வருவது ஒரு விசயம்தான். அழகுப் பூச்சு விளம்பரங்களில் இரண்டு முகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள்: பூச முன் ஒன்று, பூசிய பின் ஒன்று. முன் படத்துக்குச் சொந்தமாக ஒரு கதை கிடையாது. பின் படம் எவ்வளவு மேல் என்று காட்டுவதற்காகவே அது அங்கே நிற்கிறது. எங்கள் வீட்டுத் திரையில் கறுப்பு என்பது பெரும்பாலும் இந்த முன் படம்தான். விளம்பரத்தில் தொடங்கிய இந்தப் பழக்கம் சினிமாவிலும், செய்தி விவரணத்திலும், கடைசியில் எங்கள் சொந்த மீலாத் மேடையிலும் வந்து உட்கார்ந்துவிட்டது என்பதே என் வாதம்.

கழுவிப் போக்கும் கதை

இந்த முன் படத்துக்கு வயது நூற்றுக்கு மேல். 1880களில் இங்கிலாந்தில் பியர்ஸ் சவர்க்காரத்துக்கு ஒரு விளம்பரச் சித்திரம் வந்தது. வெள்ளைச் சிறுவன் ஒருவன் கறுப்புச் சிறுவனைத் தொட்டியில் வைத்துக் குளிப்பாட்டுகிறான். அடுத்த படத்தில் கறுப்புச் சிறுவனின் உடம்பு வெள்ளையாகியிருக்கிறது. சவர்க்காரம் படாத முகம் மட்டும் கறுப்பாகவே நிற்கிறது. கறுப்பு ஒரு நிறமல்ல, அது ஊத்தை என்பதே அந்தச் சித்திரம் சொன்ன சேதி. பேரரசுகள் போனாலும் சேதி போகவில்லை. 2016இல் சீனாவில் ‘சியாவோபி’ என்ற சலவைப் பொருளுக்கு வந்த தொலைக்காட்சி விளம்பரத்தில் ஒரு கறுப்பு இளைஞனைப் பெண்ணொருத்தி சலவை இயந்திரத்துக்குள் தள்ளிவிடுகிறாள். வெளியே வருபவன் வெள்ளைத் தோலுடைய சீன இளைஞன். 2017இல் டவ் நிறுவனம் பேஸ்புக்கில் போட்ட ஒரு துண்டு விளம்பரத்தில் கறுப்புப் பெண் மேற்சட்டையைக் கழற்றும்போது வெள்ளைப் பெண் தோன்றினாள். எதிர்ப்புக் கிளம்பியதும் டவ் மன்னிப்புக் கேட்டது. பியர்ஸ் சித்திரத்துக்கும் டவ் விளம்பரத்துக்கும் இடையில் நூற்றிமுப்பது வருடமளவு ஓடியிருக்கிறது. கதை மட்டும் ஓடவில்லை.

எங்கள் பக்கத்தில் இந்தக் கதையைச் சொல்ல ஆபிரிக்கர் தேவைப்படவில்லை. எங்கட வீட்டுப் பிள்ளையே போதும் என்று கண்டுபிடித்தவர்கள் அழகுப் பூச்சுக் கம்பனிக்காரர்கள். பெயார் அன்ட் லவ்லி 1975இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. அதன் பிரபலமான விளம்பரமொன்றில் தகப்பன் ஆண்பிள்ளை இல்லையே என்று பெருமூச்சு விடுகிறார். கறுத்த மகள் கிரீம் பூசி வெளுத்து விமானப் பணிப்பெண்ணாகிறாள். குடும்பத்துக்கு விடிவு வருகிறது. அகில இந்திய ஜனநாயக மாதர் சங்கத்தின் முறைப்பாட்டின் பின் 2003இல் அது நிறுத்தப்பட்டது. 2014இல் இந்திய விளம்பரத் தரக் கவுன்சில், கறுத்தவர்களைக் கவலையானவர்களாகவும் பின்தங்கியவர்களாகவும் காட்டக்கூடாதென்று விதி வகுத்தது. 2020இல் அமெரிக்காவில் ஜோர்ஜ் ஃபுளொய்ட் பொலிஸ்காரரின் முழங்காலின் கீழ் மூச்சடங்கி இறந்தபின் உலகெங்கும் எழுந்த கோபத்தின் மத்தியில், யூனிலீவர் ‘பெயார்’ என்ற சொல்லைக் கைவிட்டு ‘குளோ அன்ட் லவ்லி’ என்று பெயரை மாற்றியது.

பெயர் மாறியதால் என்ன மாறியது என்று தமிழ் விளம்பரங்களைக் கவனித்துப் பார்க்க வேண்டும். முன்பு ‘சிவப்பழகு’ என்றார்கள். இது தமிழுக்கு விளம்பரக்காரர்கள் செய்து தந்த சொல். வெள்ளையென்று சொல்லக் கூச்சம், ஆகவே சிவப்பு. இப்போது ‘பொலிவு’, ‘ஜொலிப்பு’, ‘பளபளப்பு’ என்கிறார்கள். சொற்கள் புதியவை. படத்தில் முகம் மட்டும் பழையபடி மங்கலிலிருந்து வெளிச்சத்துக்கு நகர்கிறது. முகம் வெளுக்க வெளுக்கத்தான் வேலை கிடைக்கிறது, மாப்பிள்ளை கிடைக்கிறது, வகுப்பில் கைதட்டல் கிடைக்கிறது.

பெரிய கம்பனிகள் சொல்லையாவது மாற்றின. சின்னச் சின்னக் கடைகளும், பேஸ்புக்கில் வீட்டிலிருந்து விற்பவர்களும் அந்தக் கவலைகூடப் படுவதில்லை. “ஏழு நாளில் வெள்ளை” என்று வெளிப்படையாகவே போடுகிறார்கள். இவற்றில் சிலவகைப் பூச்சுகளில் பாதரசம் கலக்கப்படுகிறது. அது தோலோடு நிற்பதில்லை, சிறுநீரகத்தையும் நரம்பையும் பாதிக்கும். அதனால்தான் மினமாட்டா உடன்படிக்கை, அழகுசாதனங்களில் பாதரசம் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாதென்று எல்லை வைத்தது. கலியாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது இந்த டப்பாக்களைத் தேடி ஓடும் பிள்ளைகளை எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர்களை ஏசிப் பயனில்லை. முன் படமாக நிற்பதற்கு யாருக்குத்தான் விருப்பம் இருக்கும்?

தமிழ் படித்தவர்களுக்கு இங்கே ஒரு வேதனை மேலதிகமாக உண்டு. சங்க இலக்கியத்தில் பெண்ணின் அழகுக்குப் பெயர் ‘மாமை’. அது மாந்தளிரின் நிறம், கருமை கலந்த மினுமினுப்பு. காதலன் பிரிந்தபோது அவள் உடலில் வெளிறிப் படர்வது ‘பசலை’. பழைய தமிழ்ப் புலவர்கள் வெளிறுதலை நோயாகவும் கருமையின் ஒளியை ஆரோக்கியமாகவும் பார்த்தார்கள். க.பொ.த. உயர்தர வகுப்பில் அகப்பாடல் படிக்கும் பிள்ளை பசலை என்றால் நோய் என்று பரீட்சைக்கு எழுதுகிறாள்; வீட்டுக்குப் போய் அந்த நோயைக் காசு கொடுத்து வாங்குகிறாள். ‘மாநிறம்’ என்று இன்று நாங்கள் தயங்கித் தயங்கிச் சொல்லும் சொல்லில் ஒரு காலத்தில் தயக்கமே இருக்கவில்லை.

சிரிப்பும் பயமும்

விளம்பரம் அரை நிமிடம். சினிமா மூன்று மணித்தியாலம். டயலொக் இணைப்பு உள்ள எந்த வீட்டிலும் தமிழ்நாட்டு அலைவரிசைகள் ஓடுகின்றன. பெருநாள், லீவு நாள் என்றால் பழைய வெற்றிப் படங்களே திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றில் ஒன்று 2007இல் ஷங்கர் இயக்கிய ‘சிவாஜி’. வசனம் எழுதியவர் சுஜாதா. கதாநாயகியின் பெயர் தமிழ்ச்செல்வி. கதாநாயகனின் நிறம் தடையென்று வர, அவன் வெளுப்பதற்குப் படாதபாடு படுகிறான், அது நகைச்சுவை. பிறகு ஒரு பாட்டில் கணினி உதவியோடு ரஜினிகாந்த் வெள்ளைக்காரர் நிறத்தில் தோன்றுகிறார், அது கொண்டாட்டம். ரஜினியின் நிறம் தமிழ் ரசிகனுக்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், அந்தப் பாட்டு யாரிடமிருந்து எதைப் பறித்தது என்று விளங்கும்.

இதைவிட மோசமானது பக்கத்து வீட்டுக் கதை. அங்கே கறுப்பாகக் காட்டப்படும் இரண்டு சகோதரிகள் இருக்கிறார்கள். அவர்கள் தோன்றினாலே தியேட்டரில் சிரிப்பு. பெயர்கள் அங்கவை, சங்கவை. தகப்பனாக நடித்தவர் தமிழறிஞர் சாலமன் பாப்பையா. பாரி மகளிருக்குப் பிற்கால மரபு சூட்டிய பெயர்கள் இவை. மூவேந்தரால் பாரி வீழ்ந்தபின், அவன் நண்பர் கபிலர் அந்தப் பெண்களைக் கூட்டிக்கொண்டு விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் மணம் பேசிப் போகிறார், இருவரும் மறுத்துவிடுகிறார்கள். புறநானூற்றின் மிகத் துயரமான பக்கங்களில் அது ஒன்று. படம் அந்த மறுப்பை எடுத்துக்கொண்டது, காரணத்தை மாற்றிவிட்டது. புறநானூற்றில் நாடும் மலையும் தகப்பனும் இல்லாமற் போன பெண்கள் மறுக்கப்பட்டார்கள். சினிமாவில் நிறத்துக்காக மறுக்கப்படுகிறார்கள். துயரம் பகிடியானது. புறநானூறு தெரியாதவர்கள் செய்திருந்தால் பேசாமல் விட்டுவிடலாம். தெரிந்தவர்களே கூடிச் செய்த காரியம் இது.

கறுத்த தமிழ்ப் பெண்ணுக்குச் சிரிப்பென்றால், ஆபிரிக்க ஆணுக்குப் பயம். ‘அயன்’ (2009) படத்தில் கொங்கோ என்றால் வைரக் கடத்தலும் துரத்தலும். 2013 ஜூலை மாதம் ஒன்றிலேயே இரண்டு படங்கள் வந்தன. ‘சிங்கம் 2’இல் ஆபிரிக்கர் போதைப்பொருள் கடத்தல் தலைவன். ‘மரியான்’ படத்தில் அவர்கள் சூடானில் தமிழ்த் தொழிலாளியைக் கடத்தி வதைப்பவர்கள். கடத்தற்காரரும் ஆயுதக் குழுக்களும் உலகில் இல்லையென்று யாரும் சொல்லவில்லை. தமிழ்க் கடத்தற்காரனைக் காட்டும் அதே படத்தில் தமிழ்ப் பொலிஸ்காரரும், தமிழ் உம்மாவும், தமிழ் ஆசிரியரும் இருப்பார்கள். ஆபிரிக்கருக்கு அந்த மற்றவர்கள் கிடைப்பதில்லை. கூட்டமாக வருகிறார்கள், கத்துகிறார்கள், அடிபட்டு விழுகிறார்கள். ‘சிங்கம் 2’ வில்லனாக வந்த டனி ஸபானி லண்டன் நாடக மேடையின் மதிப்பு மிக்க நடிகர்; 2024இல் ஷேக்ஸ்பியரின் லியர் அரசனாக நடித்தவர். லியர் அரசனைத் தாங்கக்கூடிய ஒரு மனிதரிடம் தமிழ்ச் சினிமா கேட்டதெல்லாம் ஒரு உறுமல்தான்.

“சும்மா படந்தானே” என்று விடலாமா? 2017 மார்ச்சில் டில்லிக்கு அருகில் கிரேட்டர் நொய்டாவில் பள்ளி மாணவன் ஒருவன் இறந்தபோது, நைஜீரிய மாணவர்கள் போதைப்பொருள் கொடுத்தார்கள் என்றும், மனித மாமிசம் தின்கிறார்கள் என்றுங்கூட வதந்தி பரவியது. கடைத்தொகுதி ஒன்றுக்குள் வைத்து ஆபிரிக்க மாணவர்களைக் கும்பல் அடித்தது. அந்த வதந்தியை நம்புவதற்கு யாருக்கும் ஆதாரம் தேவைப்படவில்லை. படம் ஏற்கெனவே மனதில் இருந்தது.

வதந்தியும் கும்பலும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று கண்டி மாவட்டத்து முஸ்லிம்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2018 மார்ச்சில் தெல்தெனிய, திகன, அக்குறணை, கட்டுகஸ்தோட்டைப் பகுதிகளில் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தபோது, அதற்கு முன்னரே கருத்தடை மாத்திரைக் கதையும் இன்னும் பல கதைகளும் கைபேசித் திரைகளில் ஓடி முடிந்திருந்தன. எங்களைப் பற்றிய படம் ஒன்று முதலில் தயாரானது. நெருப்பு பின்னால் வந்தது. ஒரு சமூகத்தைத் திரை எப்படிக் காட்டுகிறது என்பது எங்களுக்கு வெறும் ரசனைப் பிரச்சினை அல்ல என்று நான் சொல்வது இதனால்தான்.

எங்கள் நாட்டு ஆபிரிக்கர்

ஆபிரிக்கர் எங்கோ இருக்கிறார்கள் என்று நினைப்பதும் திரை தந்த மறதியே. இப்னு பதூதா 1344இல் இத்தீவுக்கு வந்தபோது, கொழும்பில் கடலதிபதியாக இருந்த ஜாலஸ்தி என்பவரிடம் ஐந்நூறளவில் ஹபஷிகள், அதாவது அபிசீனியர், இருந்ததாகத் தம் பயண நூலில் குறித்திருக்கிறார். போர்த்துக்கேயர் வருவதற்கு நூற்றைம்பது வருடத்துக்கு மேல் முந்திய செய்தி இது. பின்னர் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் ஆபிரிக்கரை அடிமைகளாகவும் சிப்பாய்களாகவும் கொண்டுவந்தார்கள். கொம்பனித்தெருவுக்கு ஆங்கிலத்தில் ‘ஸ்லேவ் ஐலண்ட்’ என்ற பெயர் வந்த கதை அதுதான். ஆங்கிலேயரின் இலங்கை ரைபிள் படைப்பிரிவு 1873இல் கலைக்கப்பட்டது. அதில் சேவைசெய்த ஆபிரிக்கரின் வழிவந்தவர்கள் இன்றும் புத்தளத்துக்கு அருகே சிரம்பியடியில் வாழ்கிறார்கள்.

அவர்களை நாடு ‘காப்பிரி’ என்கிறது. சொல்லின் வேர் எங்களுக்கு மிக நெருக்கமானது. அரபு வணிகர் கிழக்காபிரிக்காவின் முஸ்லிமல்லாதாரைக் ‘காஃபிர்’ என்றார்கள். போர்த்துக்கேயர் அந்தச் சொல்லை எடுத்து நிறத்துக்குப் பெயராக்கினார்கள். நம்பிக்கையைக் குறித்த சொல் தோலைக் குறிக்கலாயிற்று. தென்னாபிரிக்காவில் இன்று அச்சொல்லால் ஒருவரை அழைத்தால் நீதிமன்றம் போக வேண்டிவரும். இங்கே சுருட்டை முடியுள்ள எந்தப் பிள்ளைக்கும் அது பட்டப்பெயர். புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் போகும்போது ‘காப்பிலி’, ‘கறுவல்’ என்ற சொற்களையும் பெட்டியோடு கொண்டுபோனார்கள். வெள்ளைக்காரனின் இனவாதத்தைப் பற்றி ஒரே மூச்சில் முறையிட்டுக்கொண்டே அந்தச் சொற்களை அவர்களால் சொல்ல முடிகிறது.

சிரம்பியடி மக்கள் தொலைக்காட்சியில் வருவதே இல்லை என்று சொல்ல முடியாது. வருகிறார்கள், ஆடுவதற்கு. சிரட்டையும் கரண்டியும் போத்தலும் தாளமிட, போர்த்துக்கேயக் கலப்பு மொழியில் அவர்கள் பாடும் ‘மாஞ்சா’ அருமையான கலை. பைலாவின் வேர்களில் ஒன்று அவர்களுடைய மரபில் இருக்கிறது. கமெரா அந்த ஆட்டத்தோடு போய்விடுகிறது. அவர்களுடைய காணி, தொழில், பிள்ளைகளின் படிப்பு, தேய்ந்துபோகும் மொழி என்பவற்றைப் பற்றி எவரும் மைக்கை நீட்டுவதில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து துரத்தப்பட்டுப் புத்தளத்தில் குடியேறிய முஸ்லிம்களுக்கு இந்த அனுபவம் நன்றாகத் தெரியும். வருடத்துக்கு ஒருமுறை கண்ணீரோடு மட்டும் அவர்களைக் காட்டிவிட்டுப் போன கமெராக்களை அவர்கள் கண்டிருக்கிறார்கள். ஒருவரை ஆட மட்டும் விடுவதும் அழ மட்டும் விடுவதும் ஒரே காரியம்தான்.

கல்லின் கீழ் மட்டுமா பிலால்?

இனி எங்கட பக்கம் வருவோம். இஸ்லாத்தில் நிறபேதம் இல்லை என்று நாங்கள் சொல்வது உண்மை. மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதே இறைவனின் அத்தாட்சி என்று அர்ரூம் அத்தியாயத்தின் 22ஆம் வசனம் எடுத்துரைக்கிறது. இறுதி ஹஜ்ஜுப் பேருரை எல்லாக் குத்பாவிலும் நினைவூட்டப்படுகிறது. அபூதர் (ரழி) அவர்கள் ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி ஏசியபோது, அவரிடம் ஜாஹிலிய்யத்தின் குணம் இருப்பதாக நபி (ஸல்) அவர்கள் கண்டித்தது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியிருக்கிறது. ஏசப்பட்டவர் பிலால் (ரழி) என்றும், கறுப்புத் தாயின் மகன் என்பதே அந்த ஏச்சு என்றும் வேறு அறிவிப்புகள் சொல்கின்றன. இன்று எங்கள் கலியாண வீடுகளில் பகிடியாகப் போகும் ஒன்றுக்கு அன்று கிடைத்த பெயர் ஜாஹிலிய்யத்.

இவ்வளவும் தெரிந்த நாங்கள் பிலாலை எப்படிக் காட்டுகிறோம்? மீலாத் விழா நாடகங்களைப் பாருங்கள். சுடுமணல், நெஞ்சில் கல், “அஹத், அஹத்”. சபை கண் கலங்குகிறது, திரை விழுகிறது. பிறகு பிலால் வருவதில்லை. மதீனாவில் நபியவர்களின் செலவுகளைக் கவனித்த பொறுப்பாளர் பிலால், மக்கா வெற்றியன்று கஃபாவின் மேலேறி அதான் சொன்ன பிலால், பின்னர் ஷாம் தேசத்துக்குப் போய் அங்கேயே மறைந்த பிலால் – இவர்களை எந்த மேடையிலும் நான் கண்டதில்லை. எங்கள் நாடகத்திலும் அவர் முன் படமாகவே நிற்கிறார்: எங்கள் மார்க்கம் எவ்வளவு பெருந்தன்மையானது என்று காட்டுவதற்கு ஒரு சான்று. நாங்கள் அவரைப் பாராட்டும்போதுகூட உண்மையில் எங்களையே பாராட்டிக்கொள்கிறோம்.

வேசம் போடும் விதமும் கவனிக்கத்தக்கது. வெள்ளையான பிள்ளைக்குக் கரி பூசிப் பிலால் ஆக்குவார்கள். இல்லாட்டி வகுப்பிலேயே கறுத்த பிள்ளையைத் தேடிப் பிடிப்பார்கள். அந்தப் பிள்ளைக்கு அடுத்த வருடம் அபூஜஹ்லின் வேசம் கிடைக்கும். அறிவிப்பாளராக, கஸீதா பாடுபவராக, பிரதம அதிதிக்குப் பூச்செண்டு கொடுப்பவராக அந்தப் பிள்ளை வருவதில்லை. மேடையின் முன்வரிசைக்கு எந்த நிறம் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்துதான் இருக்கிறது.

பிலால் ஒருவரோடு கதையும் முடிவதில்லை. ஆதரவற்ற முதல் முஸ்லிம்களுக்கு அடைக்கலம் கொடுத்தவர் அபிசீனியாவின் அரசர் நஜ்ஜாஷி. அங்கே கறுப்பு மனிதர் கொடுப்பவர், நாங்கள் கேட்டுப் போனவர்கள். நபியவர்களை வளர்த்த உம்மு ஐமன் (ரழி) அபிசீனியப் பெண். அவர்களுடைய மகன் உஸாமா (ரழி) இருபது வயதும் நிரம்பாத இளைஞராக, மூத்த ஸஹாபாக்கள் இருந்த படைக்குத் தளபதியாக்கப்பட்டார். இந்தக் கதைகளுக்கு நாடக ஆசிரியர் புதிதாக எதையும் கற்பனை செய்யத் தேவையில்லை. முஸ்தபா அக்காத் 1976இல் எடுத்த ‘தி மெஸேஜ்’ படத்தில் பிலாலாக ஜொனி ஸெக்காவும் நஜ்ஜாஷியாக ஏர்ள் கமரனும் நடித்தார்கள். இருவரும் கறுப்பு நடிகர்கள். கரி பூசாமலே காரியம் நடந்தது. நஜ்ஜாஷி அரியணையிலிருந்து இறங்கிவரும் அந்தக் காட்சியில், அரச கம்பீரத்துக்கு ஒரு கறுப்பு முகம் எவ்வளவு பொருந்துகிறது என்று பார்ப்பவர் தானாக உணர்கிறார். எங்கள் மேடைகளுக்கு அது போதிய முன்மாதிரி.

விளம்பரத்துக்கும் நாங்கள் வெளியார் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளின் மணமக்கள் தேவைப் பகுதியும் விளம்பரம்தான். மார்க்கப்பற்று, குடும்பப் பின்னணி, படிப்பு, அதோடு ‘வெள்ளை நிறம்’. பேச்சில் “புள்ள நல்ல நெறமா?” என்று கேட்போம். கறுப்பு ஒரு நிறமே இல்லை என்பதுபோல எங்கட பாஷை பழகிவிட்டது. இந்தியாவின் பெரிய மணமக்கள் இணையத்தளமான சாதி டொட் கொம் 2020இல் பாவனையாளர்களின் எதிர்ப்பின் பின் தோல் நிறத்தின்படி தேடும் வசதியை நீக்கியது. வியாபாரம் ஒன்று வெட்கப்பட்டு விட்ட இடத்தில், மார்க்கம் பேசுகிற நாங்கள் இன்னும் நின்றுகொண்டிருக்கிறோம்.

மாற்றுக்கு ஒரு படம்

வேறு விதமாகக் காட்ட முடியுமா என்பதற்குக் கேரளத்திலிருந்து ஒரு பதில் வந்திருக்கிறது. 2018இல் ஸகரியா இயக்கிய ‘சுடானி ஃப்ரம் நைஜீரியா’ மலப்புறத்து முஸ்லிம் வீடொன்றில் நடக்கும் கதை. உதைபந்தாட்டக் குழு நடத்தும் மஜீத் நைஜீரிய வீரர் ஒருவரைக் கொண்டுவருகிறான். வீரர் விழுந்து எலும்பை முறித்துக்கொள்ள, மஜீதின் உம்மாவும் பக்கத்து வீட்டு பீயும்மாவும் அவரைப் பராமரிக்கிறார்கள். நைஜீரியரை ஊரே ‘சுடானி’ என்று அழைக்கிறது. ஆபிரிக்கர் எல்லோரும் ஒன்றுதான் என்ற ஊரின் அறியாமையைத் தலைப்பே கேலி செய்கிறது. அந்த இளைஞருக்கு வீடு இருக்கிறது, தங்கைகள் இருக்கிறார்கள், பாட்டி இருக்கிறார், வெட்கம் இருக்கிறது, பயம் இருக்கிறது. பாஷை தெரியாத இரண்டு மூதாட்டிகளும் அவரும் பேசிக்கொள்ளும் காட்சிகளில் யாரும் யாருக்கும் முன் படம் இல்லை. சிறந்த மலையாளப் படத்துக்கான இந்திய தேசிய விருது அதற்குக் கிடைத்தது.

இதிலும் ஒரு முள் இருக்கிறது, மறைக்கத் தேவையில்லை. படம் வெளியானபின், நிறத்தினால்தான் தனக்குக் குறைந்த சம்பளம் தரப்பட்டதென்று நடிகர் சாமுவேல் அபியோலா ரொபின்சன் பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார். தயாரிப்பாளர்கள் மறுத்தார்கள், பிறகு விடயம் பேசித் தீர்க்கப்பட்டது. யார் பக்கம் சரி என்பதைவிட முக்கியமானது, திரையில் காட்டும் மரியாதையைச் சம்பளப் பட்டியலிலும் காட்ட வேண்டும் என்ற பாடம்.

தமிழ் எழுத்துலகம் இந்த விடயத்தில் திரையை விட முன்னால் போயிருக்கிறது. இந்திரன் மொழிபெயர்த்த ‘அறைக்குள் வந்த ஆப்பிரிக்க வானம்’ 1982இலேயே வந்துவிட்டது. கறுப்பு மனிதர் தம் குரலில் பேசுவதை அன்றைய வாசகர்கள் தமிழில் கேட்டார்கள். அந்த வானம் அறைக்குள் வந்தது. வரவேற்பறையில் தொலைக்காட்சி இருந்த இடத்துக்கு மட்டும் வந்து சேரவில்லை.

எங்களைக் காட்டும் திரை

கடைசியாக ஒரு கசப்பான விசயம். நாங்களும் யாரோ ஒருவருடைய திரையில் கறுப்பர்தான். 2018 ரமழானில் குவைத்தின் ‘புளொக் கஷ்மரா’ என்ற நகைச்சுவைத் தொடரில் நடிகர்கள் முகத்தில் கறுப்புப் பூசிச் சூடானியரைப் பகிடி செய்தார்கள். எகிப்தின் ‘அஸ்மி வ அஷ்ஜான்’ தொடரிலும் இதே வேலை நடந்தது. நோன்பு மாதத்தில், முஸ்லிம் நாடுகளில், முஸ்லிம் ரசிகர்களுக்காக எடுக்கப்பட்ட தொடர்கள் இவை. பிலாலைப் பற்றிய பேச்சு அந்த நாடுகளிலும் குறைவில்லை. லெபனானில் ‘ஸ்ரீலங்கிய்யா’ என்ற சொல்லுக்கு வீட்டு வேலைக்காரி என்ற பொருள் ஏற்பட்டது. வேலைக்காரி எத்தியோப்பியாவிலிருந்து வந்தாலும் பிலிப்பைன்ஸிலிருந்து வந்தாலும் அவள் ஸ்ரீலங்கிய்யா. எங்கள் மலைநாட்டுக் கிராமங்களிலிருந்து விமானமேறிய உம்மாமாரின் நாட்டுப்பெயர் அங்கே ஒரு தொழிலுக்குப் பெயரானது. மலப்புறத்தில் ‘சுடானி’ எப்படியோ, பெய்ரூத்தில் நாங்கள் அப்படி.

ஆகவே இதை இரக்கப் பிரச்சினையாகப் பார்ப்பது பிழை. ஆபிரிக்கருக்காக நாங்கள் பரிதாபப்பட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரு மனிதரை ஒரே ஒரு வேலைக்காகத் திரையில் நிறுத்தும் பழக்கம் எங்கள் கையிலிருந்து தொடங்கும் இடங்களை அடையாளம் காணத்தான் கேட்கிறேன். ரமழான் நிகழ்ச்சி தயாரிப்பவர்கள் அழகுப் பூச்சு விளம்பரத்தின் அனுசரணையை மறுக்கலாம். மணமக்கள் தேவைப் பகுதி நடத்தும் எங்கள் பத்திரிகைகள் நிறத்தைக் குறிக்கும் சொற்களை அச்சேற்றுவதில்லை என்று ஒரு வரி அறிவித்தல் போடலாம். அதற்குக் காசு செலவாகாது. மீலாத் நாடகத்துக்கு நஜ்ஜாஷியின் சபையை எழுதலாம். தமிழ் ஆசிரியர்கள் மாமையும் பசலையும் படிப்பிக்கும் அன்று ஒரு விளம்பரத்தையும் வகுப்பில் போட்டுக் காட்டி, இரண்டில் எது நோய் என்று கேட்கலாம். புத்தளத்துக்குச் செய்தி எடுக்கப் போகும் எங்கள் இளம் ஊடகவியலாளர்கள், சிரம்பியடியில் மாஞ்சா ஆட்டம் முடிந்தபின் அரை மணித்தியாலம் கூடுதலாக இருந்துவிட்டு வரலாம்.

கஃபாவின் மேலே ஏறி நின்ற அந்த மனிதரின் குரலைத் தினமும் ஐந்து தடவை நினைவில் கொண்டுவருகிற சமூகம் நாங்கள். அவருடைய நிறத்தில் ஒரு பிள்ளை எங்கள் வீட்டில் பிறந்தால், அந்தப் பிள்ளை எந்தத் திரையைப் பார்த்து வளர்கிறது என்பதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்களும் நாங்கள்தான்.